என்றார்

சீலோவே தீவில் யார் பேசினாலும் மழை நிற்பதில்லை.
பள்ளி விளையாட்டுக் கூடம், தகரக் கூரை,
நூற்றுப் பன்னிரண்டு பேர், எண்பது நாற்காலி.
நான் பள்ளி எழுத்தர். கூட்டக் குறிப்பு என் வேலை.
கூடைப்பந்துக் கம்பத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
முழங்காலில் பேரேடு.

பாசியென்சியா மூழ்கிப் பதினோரு நாள்.
போனவர்கள் மூவர். கரை ஒதுங்கியது இருவர்.
எலியாசர் இன்னும் இல்லை.
இது தெரியும்.
இவ்வளவுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில்
ஓஸ்வால்தோ சொன்னபோது நானும் வரிசையில் நின்றேன்:
"பையன் ரேடியோவில் கூப்பிட்டிருக்கலாம்.
பால்தொமேரோ ஒருவேளை கண்ணயர்ந்திருக்கலாம்."
புதன்கிழமை வலைக் கொட்டகையில்
அந்த ஒருவேளையைக் காணோம்.
வெள்ளிக்கிழமை, ஒலிபெருக்கி முன்னால்,
லாம் இரண்டும் உதிர்ந்து
வினை முற்றிவிட்டது:
கூப்பிட்டான். தூங்கினான்.
செதில் சுரண்டியது யார் என்று கேட்டால்
எல்லோர் கத்தியிலும் கொஞ்சம் மினுக்கம்.

ஓஸ்வால்தோ நல்ல பேச்சாளர். அதைவிட நல்ல மனிதர்.
இரண்டு சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தவர்.
"மூன்று முறை கூப்பிட்டான்," என்றார்.
மூன்று விரலை விரித்துக் காட்டினார்.
"முதல் முறை படகின் பெயர்.
இரண்டாம் முறை, எங்கே இருக்கிறோம் என்று.
மூன்றாம் முறை தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது.
அம்மா என்று மட்டும் கூப்பிட்டான்."

மழை நின்றது என்று எழுதக் கை போனது.
நிற்கவில்லை.

முன்வரிசையில் எர்சிலியா
அன்றுதான் தலை நிமிர்ந்தாள்.
பதினோரு நாளாக அவளுக்கு யாரும்
சூப்பைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை.

பால்தொமேரோ நாவெல்கின் எழுந்து சொன்னது கொஞ்சம்தான்:
"விழித்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்..."
அந்தப் புள்ளிகளையும் எழுதிக்கொண்டேன்.
அவர் தூங்கியிருக்கவும் கூடும்.
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்ல எழுந்து நின்றிருக்க வேண்டும்.
உட்கார நாற்காலியே கிடைக்காதவள் எங்கே எழுவது என்று
பிறகு ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன்.

ரேடியோ அறைச் சாவியை அன்றிரவே வாங்கிவிடுவது:
ஆதரவாக நூற்று ஒன்பது கை.
அதில் ஒன்று என்னுடையது. இடக்கை;
வலக்கையில் பேனா.
அழுதுகொண்டிருந்தேன். மை பரவிய இடம்
பக்கம் நாற்பத்தேழில் இன்னும் இருக்கிறது.

ஆகஸ்டில் படகைத் தூக்கினார்கள்.
ரேடியோப் பெட்டிக்குள் சிப்பி அப்பியிருந்தது.
போர்ட் மொன்ட்டிலிருந்து வந்த நிபுணர்
பேசியிருக்கலாம், பேசாமலும் இருக்கலாம் என்று
ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார்.
அதை ஒலிபெருக்கியில் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.
பால்தொமேரோ வீட்டில் அதற்குள் பூட்டு.
கோழிகளை யாரோ பிடித்துப்போயிருந்தார்கள்.

செப்டம்பரில் எர்சிலியா அலுவலகத்துக்கு வந்தாள்.
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தாள்.
"அவன் என்னைக் கூப்பிட்ட பக்கம் இருக்கிறதாமே,
ஒரு நகல் வேண்டும்."

கூப்பிடவில்லை என்று நாக்கின் நுனிவரை வந்தது.
ஆனால் அதுவும் எனக்குத் தெரியாதே.
கூப்பிடாமல் இருந்திருப்பானா, பத்தொன்பது வயது?
பார், நானும் ஆரம்பித்துவிட்டேன்.

உள்ளபடி தட்டச்சு செய்தேன்:
அம்மா என்று மட்டும் கூப்பிட்டான்,
என்றார் திரு. ஓஸ்வால்தோ.
என்றார் என்பதை அழுத்தித் தட்டினேன்.
என்னால் முடிந்த நேர்மை அவ்வளவு.

ஜன்னலருகே போய் விரல் வைத்துப் படித்தாள்.
தாளை ஒருமுறை மடித்தாள். பிரித்தாள்.
இன்னும் கொஞ்சம் மேலேற்றி,
கூப்பிட்டான் வரிக்கு நேர் கீழே மடித்தாள்.
என்றார் பின்பக்கம் போய்விட்டது.
மடிப்பை நகத்தால் தேய்த்தாள், இரண்டு முறை,
வேட்டுத்தாள் ஒட்டுவதுபோல அல்ல,
குழந்தையின் சட்டைக் காலரைத் தேய்ப்பதுபோல.

நகல் கட்டணம் இருநூறு பெசோ.
வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன்.